மோதாத விமானங்களின் கணக்கு

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே மாதிரியான வீடியோ ஒன்று அடிக்கடி சுற்றும். நீல வானத்தில் இரண்டு விமானங்கள், இரண்டின் பின்னாலும் வெள்ளைக் கோடு, ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு போகின்றன. கமராவுக்குப் பின்னால் யாரோ கத்துகிற சத்தம். கீழே "நூலிழையில் தப்பிய 500 உயிர்கள்" என்று எழுதியிருக்கும். எந்த நாடு, எந்த நாள், எந்த விமானம் என்று ஒன்றும் இருக்காது. கல்லடியில் இருக்கும் அக்கா அதைப் பார்த்த கையோடு எனக்குக் குரல் பதிவு அனுப்புவா. அவவின் மகள் கட்டாரில் தாதியாக வேலை செய்கிறாள். லீவு முடிந்து போகிற நாள் கிட்டக்கிட்ட அக்காவின் குரல் பதிவுகள் நீளும். "தம்பி, இதப் பாத்தியா? மறுகா எப்பிடிப் புள்ளய நான் அனுப்புற? நீதானே பிளேன் கதையெல்லாம் படிக்கிற, சொல்லு பாப்பம்."

படிக்கிறேன்தான். விமான விபத்து அறிக்கைகளை வாசிப்பது என்னிடம் ஒட்டிக்கொண்ட ஒரு பழக்கம். மனைவிக்கு அது பிடிக்காது, ராத்திரியில் வாசிக்கிற சாமானா இது என்பாள்.

அக்காவுக்கு நான் சொல்லும் முதல் பதில் இதுதான். அந்த வீடியோவில் தப்பியது ஒன்றுமில்லை. உயரத்தில் பறக்கும் இரண்டு விமானங்களுக்கு நடுவே மேலுக்குக் கீழ் ஆயிரம் அடி இருந்தால் போதும் என்பது விதி. ஆயிரம் அடி என்றால் ஏறக்குறைய 305 மீற்றர். பத்துப் பதினொரு கிலோமீற்றர் உயரத்தில் இருக்கும் 305 மீற்றரை நாவற்குடாவில் முற்றத்தில் நின்று பார்க்கிறவருக்குப் பிரித்துப் பார்க்க முடியாது. இரண்டும் ஒட்டிப் போவது போலத்தான் இருக்கும். முன்பு 29,000 அடிக்கு மேலே 2,000 அடி இடைவெளி கேட்டார்கள். உயரம் காட்டும் கருவிகள் திருந்திய பிறகு அதைப் பாதியாக்கினார்கள். வட அத்திலாந்திக்கில் 1997இல் தொடங்கிய அந்த மாற்றம் எங்கள் வங்காள விரிகுடாப் பக்கம் 2003இல் வந்தது.

உயரம் ஒன்றாக இருந்தால் பக்கவாட்டில் இடைவெளி வேண்டும். நெடுந்தூரப் பாதையில் ராடார் பார்த்துக்கொண்டிருந்தால் பொதுவாக 5 கடல் மைல், விமான நிலையத்தை அண்டிய பகுதியில் 3 கடல் மைல். உயரமோ பக்கமோ, இந்த இரண்டில் ஒன்று இருந்தால் போதும். ஆயிரம் அடி இருந்தால் தலைக்கு மேலாலேயே போகலாம், ஐந்து மைல் இருந்தால் ஒரே உயரத்தில் போகலாம். இரண்டும் ஒரே நேரத்தில் இல்லாமல் போனால் அதற்கு இடைவெளி இழப்பு என்று பெயர். ஐந்து மைல் நாலே முக்கால் ஆனாலும் இழப்புத்தான். அந்த நேரம் உள்ளே இருக்கும் பயணி கோழிக்கறியா மீனா என்று யோசித்துக்கொண்டிருப்பார், அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஐந்து மைல் பெரிய தூரம் என்று நினைத்துவிடக் கூடாது. எதிரும் புதிருமாக வரும் இரண்டு ஜெட் விமானங்கள் அதைத் தின்று முடிக்க இருபது வினாடி எடுக்காது.

ஆக, அக்கா பயப்படுகிற வீடியோக்களில் பயம் இல்லை. பயப்பட வேண்டியவை வீடியோவாக வருவதில்லை. அவை யாரோ ஒருவர் நிரப்பிக் கொடுத்த படிவத்தில் கிடக்கின்றன, சிலவேளை அந்தப் படிவமும் நிரப்பப்படுவதில்லை. எனக்குச் சொல்ல இருப்பது அதைப் பற்றித்தான்.

அப்பா ரெயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். மட்டக்களப்புப் பாதையில் வாழைச்சேனையிலும் இருந்தார். எங்கள் பாதை ஒற்றைத் தண்டவாளம். வாழைச்சேனைக்குப் பக்கத்தில் பழைய ஓட்டமாவடிப் பாலத்தில் அந்த நாளில் கோச்சியும் பஸ்ஸும் மாட்டு வண்டியும் ஒரே பாலத்தால்தான் போய் வந்தன. 2010இல் புதுப் பாலம் திறக்கும் வரைக்கும் அப்படித்தான். இப்போதைய பிள்ளைகளிடம் சொன்னால் நான் பகிடி விடுவதாக நினைக்கிறார்கள்.

அந்த ஒற்றைப் பாதையில் இரண்டு கோச்சி முகத்துக்கு முகம் வராமல் காத்தது டேப்லட். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய உலோக வட்டு. அடுத்த ஸ்டேஷன் வரைக்குமான பாதைக்கு அதுதான் உத்தரவு. அதைத் தோல் பைக்குள் போட்டு, பெரிய வளையத்தில் மாட்டி, அப்பா மேடையில் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். ஓடுகிற எஞ்சினில் இருந்து டிரைவரின் ஆள் ஒரு வளையத்தை எறிந்துவிட்டு மற்ற வளையத்தைக் கையால் கோர்த்து எடுப்பான். அப்பாவின் வலது முழங்கைக்குக் கீழே எப்போதும் ஒரு கன்றல் இருக்கும். அறைக்குள் இருந்த டேப்லட் பெட்டி, அடுத்த ஸ்டேஷன் பெட்டியோடு கம்பியால் பிணைக்கப்பட்டது. அந்தத் துண்டுப் பாதைக்கு ஒரு வட்டு வெளியே போய்விட்டால், அது ஏதாவது ஒரு பெட்டிக்குத் திரும்பி வரும் வரைக்கும் இரண்டாவது வட்டை எடுக்க முடியாது. கெஞ்சினாலும் முடியாது, அமைச்சர் போன் எடுத்தாலும் முடியாது. இரும்பு விடாது.

வானத்தில் அந்த இரும்பு இல்லை. இதை எனக்கு விளங்கப்படுத்தியவன் பள்ளிக்கூடக் கூட்டாளி ஒருவன். வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளராக வெளிநாட்டில் வேலை செய்து ஓய்வு பெற்று இப்போது ஊரோடு இருக்கிறான். "இவ்வளவு உயரத்துக்கு இறங்கு எண்டு நான் சொன்னா, அவன் அதை அப்பிடியே திருப்பிச் சொல்லோணும். எண் சரியா எண்டு நான் கேக்கோணும். திருப்பிச் சொல்லல்ல எண்டா நான் குடுத்த கட்டளை குடுத்ததாக் கணக்கில்ல மச்சான்." அவ்வளவுதான். ஒருவர் சொல்கிறார், மற்றவர் திருப்பிச் சொல்கிறார், முதலாமவர் காது கொடுக்கிறார். மூன்று படியில் எந்தப் படியிலும் பிசகலாம். நான்கு இலக்க அழைப்பு எண்கள் ஒன்றைப் போல ஒன்று ஒலிக்கும். ஒருவர் பேசும்போது இன்னொருவர் பொத்தானை அமுக்கினால் இரண்டு பேச்சும் இரைச்சலாகிவிடும். கதிரை மாறும்போது, எழும்பிப் போகிறவன் உடனே போகாமல் புதியவனின் முதுகுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் தேநீர் குடிக்கப் போவானாம். அவன் வேலை செய்த இடத்தில் விமானத்துக்கு ஒரு கடதாசிக் கீற்று இருக்கும். உயரம் மாறினால் பழைய எண்ணை வெட்டிப் புது எண்ணை எழுதுவார்கள். கணினி வந்த பிறகும் தன் கை அதைத் தேடியது என்றான்.

விமான நிலையத்துக்குக் கிட்ட வரும்போதுதான் இது இறுகுகிறது. நடுவானத்தில் எல்லோரும் அவரவர் உயரத்தில் மாறாமல் நேராகப் போவார்கள். நிலையத்தை அண்டினால் வருகிறவன் இறங்குகிறான், போகிறவன் ஏறுகிறான், ஒருவன் கடக்கும் உயரத்தை மற்றவன் கடக்கிறான். வேகம் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொன்று. பெரிய விமானம் பின்னால் விட்டுப்போகும் காற்றுச் சுழி சின்ன விமானத்தைப் புரட்டிப்போடும். அதற்காக ஒரு கனரக விமானத்துக்குப் பின்னால் வரும் இலகு ரகத்துக்கு 6 கடல் மைல் விடச் சொல்கிறது பழைய விதி. இத்தனை பேரும் கடைசியில் ஒரு கீற்றுத் தாரில் வந்து குந்த வேண்டும்.

எங்கள் ஊர் ஓடுபாதையை வைத்து இதை விளங்கிக்கொள்ள முடியாது. வாவிக்கரையில் இருக்கிறது, நீளம் ஒன்றரைக் கிலோமீற்றர் சொச்சம். 1958இல் தொடங்கி, யுத்த காலத்தில் விமானப் படையின் கையில் கிடந்து, 2018 மார்ச்சில் சர்வதேச விமான நிலையமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. திமிலைதீவுப் பக்கம் போனால் பெயர்ப் பலகை அழகாகத்தான் இருக்கும். சின்ன விமானம் ஒன்று இறங்கினால் தெருவில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்க்கிற ஊரில் இடைவெளிப் பிரச்சினை கொக்குகளோடுதான்.

கட்டுநாயக்க வேறு. அங்கும் ஓடுபாதை ஒன்றுதான், ஆனால் அந்த ஒன்றில்தான் நாட்டின் பெரும்பகுதிப் பயணிகளும் வந்து போகிறார்கள். கட்டாரில் இருந்து திரும்பும்போது ஒரு தடவை அனுபவித்தேன். நீர்கொழும்புக் களப்பு யன்னலில் தெரிகிறது, சக்கரம் இறங்கிய சத்தமும் கேட்டுவிட்டது, சிலர் ஏற்கனவே போனை உயிர்ப்பித்துவிட்டார்கள். திடீரென்று எஞ்சின் உறுமியது. முதுகு கதிரையில் ஒட்ட, மூக்கு மேலே தூக்க, களப்பு கீழே போயே போய்விட்டது. பக்கத்தில் ஏறாவூர்க்காரர், வயதில் மூத்தவர், பதினாறு மணிநேரப் பயணத்தில் இருந்தவர் போலக் களைத்த முகம். "என்ன தம்பி, மறுகா மேல போறான்?" என்று என் கையைப் பிடித்தார். "ஒண்டுமில்ல காக்கா, ஒரு சுத்துச் சுத்திட்டு வருவான்" என்றேன். அவர் உதடு கலிமா சொல்லிக்கொண்டிருந்தது. என் உள்ளங்கையும் காயவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும், காரணம் தெரிந்தால் பயம் வராது என்பது பொய். கொஞ்ச நேரத்தில் விமானி சொன்னார், முன்னால் இறங்கிய விமானம் ஓடுபாதையை விட்டு விலகப் பிந்திவிட்டது, அதனால் திரும்ப ஏறினோம் என்று. இறங்கியதும் காக்கா வீட்டுக்குப் போன் எடுத்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பிளேன் ஒருக்கா வந்து எட்டிப் பாத்திட்டுப் போய், மறுகாத்தான் இறங்கினது."

இடைவெளி காப்பாற்றப்பட்டதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. பிந்தியது ஒருவர், பார்த்தது இன்னொருவர், ஏறியது மூன்றாமவர், எல்லோரும் தங்கள் தங்கள் வேலையைச் செய்தார்கள். ஆனால் இதே கதை அடுத்த நாள் "கட்டுநாயக்கவில் பதற்றம்" என்று ஒரு தளத்தில் வந்தது. எரிச்சலாக இருந்தது.

பிசகிய கதைகளில் எங்கள் பக்கத்து நாட்டில் நடந்ததை விடப் பெரியது இல்லை. 1996 நவம்பர் 12, டெல்லி. சவூதி விமானம் ஒன்று புறப்பட்டு ஏறிக்கொண்டிருந்தது. கஸாக்ஸ்தான் விமானம் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நாளில் டெல்லியில் வருகிறவர்களுக்கும் போகிறவர்களுக்கும் ஒரே வான்பாதை. ஏறுகிறவர் 14,000 அடியில் நிற்க வேண்டும், இறங்குகிறவர் 15,000 அடியில் நிற்க வேண்டும், நடுவே அந்த ஆயிரம் அடி. கட்டுப்பாட்டாளரின் ராடார் திரையில் உயரம் தெரியாது, புள்ளி மட்டும் தெரியும். உயரத்தை விமானியிடம் வாயால் கேட்டுத்தான் அறிய வேண்டும். கஸாக் விமானத்தில் வானொலியில் பேசுவதற்குத் தனியாக ஓர் ஆள். கட்டளை அவர் காதில் விழுந்து, விமானம் ஓட்டுகிறவரின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். விமானம் 15,000இல் நிற்கவில்லை. சர்கி தாத்ரி என்ற ஊரின் வயல்களுக்கு மேலே இரண்டும் மோதின. 349 பேர், ஒருவரும் மிஞ்சவில்லை. நடுவானில் நடந்த மோதல்களில் இன்றுவரை அதுதான் மிகப் பெரியது.

சவூதி விமானத்தில் இருந்த 312 பேரில் பெரும்பாலானவர்கள் இந்தியர்கள், வளைகுடாவுக்கு உழைக்கப் போனவர்கள் அதில் நிறையப் பேர். காத்தான்குடியிலும் ஓட்டமாவடியிலும் சம்மாந்துறையிலும் இரவோடிரவாக வான் பிடித்து கட்டுநாயக்கவுக்குப் போகிற எங்கள் ஆட்களைப் போன்றவர்கள். அந்தப் பயணிகள் பட்டியலைப் பற்றி வாசித்தபோது எனக்கு அது டெல்லிச் செய்தியாகப் படவில்லை.

அதற்குப் பிறகு டெல்லியில் வருகைக்கும் புறப்பாட்டுக்கும் வெவ்வேறு பாதைகள் வந்தன. உயரத்தையும் காட்டும் ராடார் வந்தது. இந்திய வானில் பறக்கும் விமானங்களில் மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமாயிற்று. டிகாஸ் என்று சொல்லும் அந்தக் கருவி, பக்கத்து விமானத்தின் கருவியோடு தானே பேசி, ஒருவனை ஏறு என்கும், மற்றவனை இறங்கு என்கும். வானத்துக்கு ஒரு டேப்லட் பெட்டி கிடைத்துவிட்டது என்றுதான் நானும் நினைத்திருப்பேன்.

கருவி ஒன்று சொல்ல, மனிதன் இன்னொன்று சொன்னால்? 2001 ஜனவரி 31, யப்பான். ஹனேடாவில் இருந்து நாஹாவுக்கு ஏறிக்கொண்டிருந்த ஜம்போ ஒன்றும், பூசானில் இருந்து நரிட்டாவுக்கு வந்த டீசி-10 ஒன்றும், இரண்டும் ஒரே நிறுவனத்தின் விமானங்கள். பயிற்சியில் இருந்த கட்டுப்பாட்டாளர் ஒருவர் இரண்டின் எண்களையும் மாற்றிச் சொல்லிவிட்டார், 907, 958. இறங்கு என்ற கட்டளை ஏற வேண்டிய ஜம்போவுக்குப் போனது. அதன் கருவி ஏறு என்று கத்திக்கொண்டிருக்க, விமானி மனிதக் குரலைக் கேட்டு இறங்கினார். டீசி-10 தன் கருவியைக் கேட்டு இறங்கியது. கடைசியில் கண்ணால் கண்டுதான் ஜம்போவை முக்கி இறக்கித் தப்பினார்கள். இரண்டிலும் சேர்த்து 677 பேர். நூறு பேரளவில் காயம். மோதவில்லை.

மோதவில்லை என்பதால் உலகம் அதை யப்பானின் உள்வீட்டு விஷயமாகவே பார்த்தது. 17 மாதம் கழித்து, 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியில் உபெர்லிங்கன் நகரத்துக்கு மேலே அதே முரண் திரும்ப வந்தது. ரஷ்யப் பிள்ளைகளை ஸ்பெயினுக்கு விடுமுறைக்குக் கொண்டுபோன துபலெவ் பயணிகள் விமானம் ஒன்று, டீஎச்எல் சரக்கு விமானம் ஒன்று, இரண்டும் 36,000 அடியில். சூரிச் கட்டுப்பாட்டு நிலையத்தில் அந்த நேரம் ஒருவர் மட்டும் பணியில், மற்றவர் ஓய்வில். பிரதான தொலைபேசி இணைப்பு திருத்த வேலைக்காக நிறுத்தப்பட்டிருந்தது. ஆபத்தைக் கண்ட பக்கத்துக் கட்டுப்பாட்டு நிலையம் அழைத்துப் பார்த்தும் இணைப்புக் கிடைக்கவில்லை. தனியே இருந்த கட்டுப்பாட்டாளர் இன்னொரு திரையில் பிந்தி வந்த விமானம் ஒன்றைப் பக்கத்து விமான நிலையத்தில் இறக்கிக்கொண்டிருந்தார். கடைசி நேரத்தில் கவனித்துத் துபலெவை இறங்கச் சொன்னார். அதன் கருவி ஏறச் சொன்னது. துபலெவ் மனிதனைக் கேட்டது, சரக்கு விமானம் கருவியைக் கேட்டது, இரண்டும் சேர்ந்தே இறங்கின. 71 பேர், அதில் பெரும்பாலானோர் பிள்ளைகள். கருவியும் கட்டுப்பாட்டாளரும் முரண்பட்டால் கருவியைத்தான் கேட்க வேண்டும் என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் விதியைத் தெளிவாகத் திருத்தியது 2003 நவம்பரில்.

அந்தக் கட்டுப்பாட்டாளரை 2004இல், மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்த ஒருவர் வீடு தேடிப் போய்க் கொன்றார். 2007இல் சுவிஸ் நீதிமன்றம் குற்றவாளிகளாகக் கண்டது அந்தக் கட்டுப்பாட்டு நிலையத்தை நடத்திய நிறுவனத்தின் முகாமையாளர்கள் நான்கு பேரை. கட்டுப்பாட்டாளர் கொல்லப்பட்டு மூன்று வருடத்துக்கு மேல் பிந்தி வந்த தீர்ப்பு அவருக்கு என்ன செய்யும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அறிக்கை அந்த ஒரு மனிதனோடு நிற்கவில்லை. இரவில் ஒருவரைத் தனியே விட்ட வழக்கம், தொலைபேசியை நிறுத்திய திருத்த வேலை என்று மேலே மேலே போனது. நான் விபத்து அறிக்கைகளை வாசிப்பது இதற்காகத்தான். எங்கள் பக்கம் ஒரு விபத்து நடந்தால் மாலைக்குள் டிரைவர் பிடிபடுவார், அடுத்த நாள் கதை முடிந்துவிடும்.

மோதாததை எழுதி வைக்க வேண்டும் என்ற புத்தி உலகத்துக்கு எப்போது வந்தது என்பதற்கு ஒரு தேதி இருக்கிறது. 1974 டிசம்பர் 1. வொஷிங்டன் டலஸ் நிலையத்துக்கு இறங்க வந்த டீடபிள்யூஏ 514 என்ற பயணிகள் விமானம் ஒரு மலைமுகட்டில் மோதி 92 பேரும் இறந்தார்கள். நிலையத்தை அணுகலாம் என்று அனுமதி கிடைத்ததை, தாழ இறங்கலாம் என்று விமானிகள் எடுத்துக்கொண்டார்கள். இங்கே மோதியது விமானத்தோடு அல்ல, மலையோடு. ஆனால் கதையின் உறைப்பு வேறு இடத்தில். ஆறு கிழமைக்கு முன் இன்னொரு நிறுவனத்தின் விமானம் அதே நிலையத்தில், அதே அனுமதியில், அதே தவறான விளக்கத்தில் இறங்கி மயிரிழையில் தப்பியிருந்தது. அவர்கள் அதை மறைக்கவில்லை, தங்கள் நிறுவனத்துக்குச் சொன்னார்கள். நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. மற்ற நிறுவனங்களுக்குச் சொல்ல வழி இருக்கவில்லை. அந்த வழியைத் திறக்கத்தான் 1976இல் அமெரிக்காவில் ஓர் அறிவிப்பு முறை தொடங்கினார்கள். விமானி, கட்டுப்பாட்டாளர், விமானப் பணிப்பெண், யாரும் தாங்கள் கண்ட பிசகை எழுதலாம், தாங்கள் விட்ட பிசகையும் எழுதலாம். எழுதியவரின் அடையாளத்தை அழித்துவிட்டுத்தான் சேமிப்பார்கள். அதில் கெட்டித்தனமான ஒரு வேலை செய்தார்கள். தண்டிக்கும் அதிகாரமுள்ள திணைக்களத்திடம் அதைக் கொடுக்காமல் நாசாவிடம் கொடுத்தார்கள். பிரம்பு வைத்திருக்கிறவரிடம் யார் உண்மை சொல்வது?

எழுதினால் மட்டும் போதாது என்பதையும் அதே வொஷிங்டன்தான் காட்டியது. 2025 ஜனவரி 29 இரவு, நகரத்துக்குள்ளேயே இருக்கும் ரீகன் விமான நிலையம். 64 பேரோடு இறங்க வந்த ஜெட் ஒன்றும், மூன்று பேரோடு ஆற்றோரம் பறந்த இராணுவ ஹெலிகொப்டர் ஒன்றும் மோதி, பொட்டோமாக் ஆற்றில் விழுந்தன. 67 பேரும் இறந்தார்கள். ஹெலிகொப்டர்கள் அந்த இடத்தில் 200 அடிக்கு மேலே போகக் கூடாது என்பது அப்போதைய விதி. இறங்குகிற விமானங்கள் அதே இடத்தைக் கொஞ்சம் மேலாகக் கடக்கும். எங்கள் ஊர்த் தென்னைகள் சில எழுபது எண்பது அடி வரும், இரண்டுக்கும் நடுவே மிச்ச இடைவெளி சிலவேளை அவ்வளவுதான். டிகாஸ் கருவி தரையில் இருந்து ஏறக்குறைய ஆயிரம் அடிக்குக் கீழே ஏறு இறங்கு என்று கட்டளை தராது, அவ்வளவு தாழ்வில் இறங்கு என்றால் தரையில்தான் போய் நிற்கும். ஜெட்டின் கருவி பக்கத்தில் போக்குவரத்து என்று எச்சரித்ததோடு நின்றது.

விசாரணையாளர்கள் பழைய பதிவுகளைக் கிளறினார்கள். 2021 ஒக்டோபர் தொடக்கம் 2024 டிசம்பர் வரைக்கும் அந்த நிலையத்தைச் சுற்றிப் பயணிகள் விமானமும் ஹெலிகொப்டரும் ஒரு கடல் மைலுக்குள்ளும் 400 அடி உயரத்துக்குள்ளும் நெருங்கியது 15,214 தடவை. அதில் 85 தடவை பக்கவாட்டில் 1,500 அடிக்கும் உயரத்தில் 200 அடிக்கும் உள்ளே. 2011 முதல் 2024 வரைக்கும் மாதம் ஒரு தடவையாவது ஏதோ ஒரு விமானத்தின் கருவி, ஹெலிகொப்டர் கிட்ட வந்ததால் கட்டளை கொடுத்திருக்கிறது. எல்லாம் பதிவில் இருந்தது. கூட்டிப் பார்க்க ஒருவர் உட்காரவில்லை. குறிப்பிட்ட ஓடுபாதைகள் பாவனையில் இருக்கும்போது அந்த ஹெலிகொப்டர் பாதையை மூடச் சொல்லி அவசரப் பரிந்துரை வந்தது 2025 மார்ச்சில், 67 பேரை அடக்கம் செய்த பிறகு.

அந்த 15,214ஐ வாசித்த அன்று அப்பாவின் ரெயில் பதிவேடு ஞாபகம் வந்தது. கோச்சி வந்த நேரம், போன நேரம், டேப்லட் எடுத்த நேரம், வைத்த நேரம், எல்லாம் மையால். அழிக்கக் கூடாது, பிழைத்தால் ஒரு கோடு இழுத்துக் கையெழுத்து வைக்க வேண்டும். பரிசோதகர் ஒருவர் வந்து பக்கம் பக்கமாகப் பார்த்துக் கேள்வி கேட்பார். அவர் வருகிற நாளில் அம்மா தேங்காய்ப்பால் கூடப் போட்டு மீன் குழம்பு வைப்பா. எழுதுகிறவருக்கு ஒரு வேலை என்றால், வாசிக்கிறவருக்கும் சம்பளம் கொடுத்துவைத்திருந்தார்கள்.

எங்கள் பக்கத்துக்கு வருவோம். 2022 ஜனவரியில் பெங்களூரில் ஒரே நிறுவனத்தின் இரண்டு விமானங்கள், ஒன்று கொல்கத்தாவுக்கு, மற்றது புவனேஸ்வரத்துக்கு, பக்கத்துப் பக்கத்து ஓடுபாதைகளில் இருந்து அடுத்தடுத்துப் புறப்பட்டன. அதுவரை ஒன்றில் புறப்பாடும் மற்றதில் வருகையும் நடந்துகொண்டிருந்தது. ஓர் ஓடுபாதையை மூடிவிட்டு மற்றதையே பாவிப்பது என்று பணி முறைப் பொறுப்பாளர் முடிவெடுத்திருக்கிறார். அந்த முடிவு மற்றக் கோபுரக் கட்டுப்பாட்டாளருக்குப் போய்ச் சேரவில்லை. இருவரும் அனுமதி கொடுக்க, ஏறிய விமானங்கள் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்தன. ராடாரில் இருந்த இன்னொருவர் கண்டு இரண்டையும் வெவ்வேறு திசைக்குத் திருப்பினார். நானூறுக்கும் மேற்பட்ட பயணிகள். அந்தச் சம்பவம் எந்தப் பதிவேட்டிலும் எழுதப்படவில்லை என்பதுதான் பிறகு செய்தியாயிற்று. திருப்பிய அந்த மனிதருக்கு மாலை போட்டிருக்கலாம். எழுதாமல் விட்டதில், அவர் செய்த நல்ல வேலையும் சேர்ந்தே மறைந்துபோகப் பார்த்தது.

அதே வருடம் ஜூனில் லண்டனில் இருந்து கொழும்பு வந்த ஸ்ரீலங்கன் யூஎல் 504 பற்றிய செய்தியை எங்கள் ஊரில் எல்லோரும் பகிர்ந்தார்கள். துருக்கி வானில் 33,000 அடியில் இருந்த விமானத்தை 35,000க்கு ஏறச் சொன்னதாகவும், அந்த உயரத்தில் பிரிட்டிஷ் எயார்வேஸ் விமானம் ஒன்று பதினைந்து மைல் தூரத்தில் இருப்பதை விமானிகள் கண்டு ஏற மறுத்ததாகவும் பத்திரிகைகள் எழுதின. விமானிகளின் விழிப்பைப் பாராட்டி நிறுவனமும் அறிக்கை விட்டது. அக்கா அதையும் அனுப்பினா, இந்த முறை பெருமையோடு. எனக்கும் பெருமைதான். ஆனால் பத்திரிகைகளில் வீரக் கதை இருந்த அளவுக்கு விசாரணைக் கதை இல்லை. ஏறச் சொன்னவர் எதைப் பார்த்துச் சொன்னார், அவர் திரையில் என்ன இருந்தது, எத்தனை மணிநேரம் கதிரையில் இருந்தார்? அடுத்த தடவை அந்த வானத்தால் வரும் விமானியின் கண் கொஞ்சம் அயர்ந்திருந்தால் உதவப்போவது அந்தப் பதில்கள்தான்.

கூட்டாளியிடம் இதையெல்லாம் கொட்டினேன். கல்லடிக் கடற்கரையில் கச்சான் வாங்கிக்கொண்டு குந்தியிருந்தோம். இந்தக் காலத்தில் எல்லா நாடும் தண்டனை இல்லாத அறிவிப்பு முறை வைத்திருக்க வேண்டும் என்று சர்வதேச விதி இருக்கிறது, 2013இல் இருந்து பாதுகாப்பு முகாமைக்கென்று அந்த விதித்தொகுப்பில் தனியாக ஓர் இணைப்பே நடைமுறையில் இருக்கிறது என்று நான் விதி பேசினேன். கச்சான் கோதை ஊதிவிட்டு அவன் சிரித்தான்.

"விதி இருக்கு. அதை வாசிக்கிற மேலதிகாரி ஆரு எண்டுதான் நாங்க முதல்ல பாக்கிற."

"சரி, உன்ட கையால அஞ்சு மைல் நாலாப் போச்செண்டு வையேன். எழுதுவியா?"

"பேர் போடத் தேவையில்லையெண்டா அண்டைக்கே எழுதுவன்" என்றான். "பேர் போடோணுமெண்டா வீட்டுக்காரியக் கேட்டுத்தான் மச்சான்."